அத்தானின் போட்டுக்கு நான் சொன்ன பெயின்ட்

அத்தான் அந்தப் போட்டை வாங்கிய அன்று மத்தியானமே எனக்குப் போன் செய்தார்.

"அளியா, நாளைக்கு ஒண்ணு பூவாருக்கு வா. போட்டுக்க அடியில பெயின்ட் அடிக்கணும். எதை அடிக்கணும்னு நீதான் சொல்லணும். உனக்கு உள்ள சோலியாக்கும் இது."

அத்தான் என் அக்காவின் கணவர். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம் என்று வாழ்கிற எங்கள் பக்கத்தில் மைத்துனனை அளியன் என்றே கூப்பிடுவார்கள். அவர் வாயில் அந்தச் சொல் எப்போதும் கொஞ்சம் செல்லமாக வரும். பல வருஷம் பூவாரில் யாரோ ஒருவருடைய சுற்றுலா போட்டை ஓட்டிக்கொண்டிருந்தவர், ஐம்பத்தாறு வயதில் சொந்தமாக ஒன்று வாங்கியிருந்தார். பாறசாலைக்குப் பக்கத்தில் ரப்பர் நின்ற துண்டு நிலம் அதற்காகப் போனது. நிலம் அக்காவுக்கு எங்கள் வீட்டிலிருந்து கொடுத்தது. அவள் ஒரு வார்த்தை மறுப்பு சொல்லவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான் செங்கல் என்கிற ஊரில் இருக்கிறேன். வளைகுடாவில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் துறையில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவன். அங்கே நான் பெயின்ட் இன்ஸ்பெக்டராக இருந்தேன் என்பது ஊருக்குத் தெரிந்த செய்தி. அது கள்ளம். நான் ஹெல்பர். பெயின்ட் டப்பாவைச் சுமந்து கொண்டுபோவேன், மூடியைத் திறந்து கலக்குவேன், ஸ்பிரே அடிப்பவனுக்கு ஹோஸைப் பிடித்து நிற்பேன். பிற்பாடு நானே ஸ்பிரே அடிக்கும் அளவுக்கு உயர்ந்தேன். அதற்கு மேல் இல்லை.

அந்தக் கள்ளத்தைத் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. போன முதல் வருஷம் இன்ஸ்பெக்டர் ஒருவர் தன் வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கை கழுவப் போனபோது, அதை எடுத்து மாட்டிக்கொண்டு கப்பலுக்குக் கீழே நின்று ஒரு போட்டோ எடுத்தேன். எங்களுக்கெல்லாம் மஞ்சள் ஹெல்மெட். போட்டோவை வீட்டுக்கு அனுப்பினேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஆபீசர் மாதிரி இருக்குதே, உனக்கு அங்க என்ன சோலி?" என்று கேட்டாள். கப்பலுக்கு அடிக்கிற பெயின்ட் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை என்றேன். அவ்வளவுதான். அடுத்த லீவில் வந்தபோது சபையில் போதகர் ஜெபத்தில், "தூர தேசத்தில் இன்ஸ்பெக்டராகப் பணிபுரியும் நம் சகோதரனை" என்று சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன். அதற்குப் பிறகு திரும்பி வர வழி இல்லாமல் போயிற்று.

மறுநாள் பூவாருக்குப் போனேன். போட்டை ஆற்றங்கரையில் தென்னை மரங்களுக்கு நடுவே ஏற்றி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். பத்துப் பேர் உட்காரலாம். மேலே துணிக் கூரை. ஒரு ரிசார்ட்காரர் புதுப் போட் எடுத்தபோது கழித்துவிட்டது. மற்றவர்களுடையதெல்லாம் ஃபைபர் போட். இது அலுமினியம். அத்தான் கைவிரலை மடக்கி அதன் வயிற்றில் தட்டிக் காட்டினார். பாத்திரத்தைத் தட்டியதுபோலக் கேட்டது.

"பாரம் இல்லை, கேட்டியா. முட்டளவு வெள்ளத்திலயும் போகும். ஆனா அடியைப் பாரு." எங்கள் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர்.

அடியைப் பார்த்தேன். பழைய பெயின்ட் திட்டுத் திட்டாகப் போயிருந்தது. போன இடமெல்லாம் பாசி, பாசிக்கு மேலே வெள்ளை வெள்ளையாகச் சிப்பி. கையை வைத்தால் கிழித்துவிடும். பூவாரில் போட்டுகள் ராவும் பகலும் தண்ணீரிலேயே கிடக்கிறவை. நெய்யாறும் கடலும் சேர்கிற இடத்துத் தண்ணீர், பாதி உப்பு. ஒரு மாதத்தில் வழுவழுப்பு பிடிக்கும், மூன்று மாதத்தில் சிப்பி ஏறும். அப்புறம் என்ஜின் எவ்வளவு இழுத்தாலும் போட் நகராது, டீசலைக் குடிக்கும். அதைத் தடுக்கத்தான் ஆன்டிஃபவுலிங் என்கிற பெயின்ட். நான் பதினெட்டு வருஷம் சுமந்தது அதைத்தான்.

"இதெல்லாம் ஒரு காரியமே இல்லை அத்தான்" என்றேன்.

இரண்டு நாள் அவரும் நானுமாகச் சுரண்டினோம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். அக்கா மத்தியானம் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் கொண்டு வந்தாள். போட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, "கிறிஸ்மஸுக்கு முன்னே இறங்கிருமா?" என்று கேட்டாள். டிசம்பரில்தான் ஆட்கள் வருவார்கள். அந்த மாதமும் அடுத்த மாதமும் ஓடினால்தான் வருஷம் ஓடும்.

"இறங்கும்" என்றேன்.

மூன்றாம் நாள் அத்தானின் பைக்கில் தேங்காய்ப்பட்டணத்துக்குப் போனோம். அங்கே துறைமுகத்துக்கு வெளியே, விசைப்படகுகளுக்குப் பெயின்டும் கயிறும் விற்கிற கடை ஒன்று. கடைக்காரர் மெலிந்த மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். எங்கள் பேச்சேதான் அவருக்கும். மூன்று வகையைச் சொன்னார். ஒன்று சிவப்பு, செம்புத்தூள் போட்டது, அங்கே எல்லாருமே வாங்குவது, கையிருப்பு உண்டு. இரண்டாவது செம்பு இல்லாதது, அதைக் கொச்சியிலிருந்து வரவழைக்க வேண்டும், மூன்று வாரம் ஆகலாம். மூன்றாவது சிலிக்கோன் கலந்து வழுக்குவது, அது பெரிய கப்பலுக்கு.

மூன்றாவதைப் பற்றி நான் கொஞ்சம் பேசினேன். அது ஓடிக்கொண்டே இருக்கிற கப்பலுக்குத்தான் ஆகும், நம் போட் பாதி நேரம் கட்டிக் கிடப்பது, அதில் பிரயோஜனம் இல்லை என்றேன். அது சரியான பேச்சுதான். கடைக்காரர் தலையாட்டினார். அத்தான் என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

"போட்டு ஃபைபர் தானே?" என்று கேட்டார் கடைக்காரர்.

"அலுமினியம்" என்றார் அத்தான்.

கடைக்காரர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "அலுமினியத்துக்கு இந்தச் சிவப்பு ஆவாதுன்னு கேட்டிருக்கேன். இங்க யாரும் அலுமினியம் வச்சிருக்கல்ல. அதனால எனக்கு நிச்சயமில்லை."

"இவன் வெளிநாட்டுல கப்பலுக்கு பெயின்ட் இன்ஸ்பெக்டராக்கும்" என்றார் அத்தான். "இவன் சொல்லட்டு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. துறையின் ஒரு மூலையில் தனி ஷெட் இருந்தது. மாலுமிகளை ஏற்றி இறக்கும் சின்ன அலுமினியப் போட்டுகளை அங்கேதான் பழுது பார்ப்பார்கள். அந்த ஷெட்டுக்குத் தனி ஆட்கள். ஒரு நாள் புதிதாக வந்த ஒருவன் சிவப்பு டப்பாவை அந்த ஷெட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனபோது, ஃபோர்மன் ஓடி வந்து வாசலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பினார். கெட்ட வார்த்தையும் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஹெல்பர்கள் ஏன் என்று கேட்பதில்லை. பதினெட்டு வருஷத்தில் நான் சுமந்தது, கலக்கியது, அடித்தது எல்லாம் இரும்புக் கப்பலுக்கு.

டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் நிறைய இருந்தது. அதில் ஒரு வரியில் அலுமினியம் என்கிற சொல் இருந்தது. நான் முழு வரியையும் படித்தேன். அலுமினியத்தில் பூசக்கூடாது என்று இருந்தது.

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம், அங்கே இன்னும் எனக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். மூன்று வாரம் காத்திருப்போம் என்றாவது சொல்லியிருக்கலாம். டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, "கீழே எபாக்சி பிரைமர் ரெண்டு கோட் கனமா அடிச்சிட்டா ஒண்ணும் செய்யாது. அங்கேயும் அப்படித்தான் செய்வோம்" என்றேன்.

கடைக்காரர் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். பிரைமரையும் சிவப்பையும் எடுத்துக் கட்டிக் கொடுத்தார்.

முழுக்கத் தப்பாகவும் நான் சொல்லிவிடவில்லை. பிரைமர் என்கிற அடிப்பூச்சு அப்படியே இருக்கும்வரை அலுமினியத்தைச் செம்பு தொடாது. ஆனால் பூவாரில் அடி உரசாமல் ஓடுகிற போட் இல்லை. மணல்திட்டில் ஏறும், தண்ணீருக்குள் கிடக்கிற மரத்தில் இடிக்கும், படித்துறைக் கல்லில் தேயும். அதை நான் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய ஆள் நான் என்பதுதான் எல்லாரும் நம்பியிருந்தது.

கிறிஸ்மஸுக்கு இரண்டு வாரம் முன்பே போட்டை இறக்கினோம். போதகர் வந்து ஜெபித்தார். அந்த வருஷம் போட் அம்புபோல ஓடியது. மார்ச்சில் ஒருநாள் கரையில் ஏற்றிப் பார்த்தபோது, அடியில் பாசிகூட இல்லை. பக்கத்துப் போட்டுக்காரர்கள் வந்து குனிந்து பார்த்தார்கள். இரண்டு பேர் அதே பெயின்டை வாங்கித் தங்கள் ஃபைபர் போட்டுக்கு அடித்தார்கள். அவர்களுக்கு அது நன்றாகவே இருந்தது, இப்போதும் இருக்கிறது. என்னை வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்திப் பேச ஆரம்பித்தார்கள். நான் ஊர் திரும்பிய பிறகு அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் வேறு இல்லை. அந்த ஷெட்டை நான் மறந்தே போனேன்.

ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழை முடிந்து ஓணத்துக்கு முன்னால் அத்தான் ஒரு தடவை போன் செய்தார்.

"அளியா, அடியில ஒரு சிங்க் கட்டி வச்சிருக்கும்லா, அது தேஞ்சு ஒண்ணுமில்லாம ஆயிட்டு. புதுசு வச்சு ரெண்டு மாசம்தான் ஆச்சு. இப்படித் தேயுமா?"

சிங்க், அதாவது துத்தநாகக் கட்டி என்பது போட்டின் உலோகத்தை உப்புத்தண்ணீர் அரிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தான் அரிபட வைப்பது. அது சீக்கிரம் தேய்கிறது என்றால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று பொருள். அந்த அளவு எனக்கும் தெரியும். செங்கல் கோயில் முக்கில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

"உப்பு கூடியிருக்கும் அத்தான். கடல் வெள்ளம் உள்ளே கேறுத சமயம்லா. வேற ஒண்ணு வச்சிருங்க" என்றேன்.

"சரி" என்று வைத்துவிட்டார்.

ஜனவரியில் ஒரு காலை பத்து மணிக்கு அக்கா கூப்பிட்டாள். அவள் குரல் பதறவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "போட்டுல வெள்ளம் கேறிச்சு. ஆளுக்கெல்லாம் ஒண்ணும் இல்லை. நீ போ" என்றாள்.

நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. வடக்கே எங்கிருந்தோ வந்த ஒரு குடும்பம், ஆறு பேர். ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது காலடியில் நனைகிறது என்று அவர்களில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அத்தான் பலகையைத் தூக்கிப் பார்த்தார். பம்ப் ஓடிக்கொண்டே இருந்தும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவர் சத்தம் போடாமல், ஒன்றுமில்லை உட்காருங்கள் என்று சொல்லிக்கொண்டே, போட்டை முழு வேகத்தில் மணல்திட்டின்மேல் ஏற்றிவிட்டார். எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்கள். ஆனால் இறங்கும்போது அவர்களோடு வந்த வயதான அம்மா வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டார். வேறு போட்டுகள் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போயின. அத்தான் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிவரை கூடப் போய், மாவுக்கட்டு போட்டு முடிக்கும்வரை வெளியே நின்றிருக்கிறார். அந்தக் குடும்பத்தின் மகன் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். விபத்து நடந்ததற்குக் கையெழுத்துப் போட வேண்டிய ஆஸ்பத்திரித் தாளை மட்டும் நீட்டினாராம்.

சாயங்காலம் போட்டை இழுத்துக் கரையேற்றி, அலுமினியம் வெல்டிங் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்தார்கள். மலையாளி. முட்டி போட்டு, டார்ச்சை அடித்து அடியைப் பார்த்தார். சிவப்பு பெயின்ட் பல இடத்தில் கொப்பளித்திருந்தது. ஒரு கொப்புளத்தை நகத்தால் உடைத்தார். உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி உதிர்ந்தது. ஸ்குரூடிரைவரை எடுத்து மெல்லக் குத்தினார். அது பப்படத்தில் இறங்குவதுபோல இறங்கியது. இன்னொரு இடத்தில் குத்தினார். அங்கேயும் இறங்கியது. அவர் மூன்றாவது இடத்தில் குத்தவில்லை.

"இது செம்புள்ள பெயின்டல்லே?" என்றார், செம்பு கலந்ததுதானே என்கிற அர்த்தத்தில். அதற்கு அப்புறம் எங்களுக்காகத் தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார். செம்பும் அலுமினியமும் உப்புத்தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டால் செம்பு அலுமினியத்தைத் தின்றுவிடும். மேலே கீறல் விழுந்தால் போதும், அந்தக் கீறல் வழியாக உள்ளே போய்விடும். ஒட்டுப்போடலாம், ஆனால் எத்தனை இடத்தில் போட?

பிறகு எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டே, யார் சொல்லி அடித்தது என்று கேட்டார். "ஆரு பறஞ்சிட்டு இந்தப் பெயின்ட் அடிச்சது?"

நான் அத்தானுக்கு இரண்டடி பின்னால் நின்றிருந்தேன். சுற்றி ஏழெட்டுப் போட்டுக்காரர்கள் நின்றார்கள். அத்தான் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"கடையில தந்தாங்க" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

துறைமுக ஆபீசிலிருந்து வந்து பார்த்தார்கள். இந்த உடம்போடு இது ஓடக்கூடாது என்று எழுதினார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். வெல்டிங்காரரும் அதைத்தானே சொல்லியிருந்தார். போட் கரையிலேயே கிடந்தது. பிப்ரவரி வந்தது, மார்ச் வந்தது. அத்தான் தினமும் காலையில் போய் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பார், துணிக் கூரையில் விழுந்த சருகைத் தட்டிவிடுவார், திரும்பி வருவார் என்று அக்கா சொன்னாள். நான் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதற்குக் காரணங்கள் கண்டுபிடித்துக்கொண்டேன்.

ஆனால் கடையில் தந்தார்கள் என்ற அந்தப் பேச்சு நிற்கவில்லை. தேங்காய்ப்பட்டணத்துக் கடையில் மோசமான பெயின்டைத் தலையில் கட்டுகிறார்கள் என்று பூவாரில் பரவியது. அந்தச் சிவப்பை வாங்கி நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரே போய்க் கடைவாசலில் நின்று சத்தம் போட்டிருக்கிறார். ஒரு மனிதனின் சோற்றில் மண் போட்டாயே என்று கேட்டாராம். கடைக்காரர் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாராம். இதை எனக்குச் சொன்னவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அலுமினியத்துக்கு இது ஆகாது என்று சொன்ன ஒரே மனிதர் அந்தக் கடைக்காரர். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி என்ன என்று கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன். இன்னும் ஒரு கள்ளம்.

மறுநாள் ஞாயிறு. சபை முடிந்ததும் அத்தான் வீட்டுக்குப் போனேன். குளத்தூரில் சாலையை விட்டு இறங்கிக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். அக்கா உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் கிணற்றடியில் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அத்தான், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"டப்பாவுல எழுதியிருந்தது. அலுமினியத்துக்கு அடிக்கப்பிடாதுன்னு. நான் படிச்சேன்."

அவர் துணியை முக்கிப் பிழிந்தார்.

"அதுமட்டும் இல்லை" என்றேன். "நான் அங்க இன்ஸ்பெக்டர் இல்லை. ஹெல்பரா இருந்தேன். கடைசியில ஸ்பிரே அடிச்சேன். அலுமினியம் போட்டை நான் தொட்டதே இல்லை."

"ஹெல்பருன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

நான் அவரையே பார்த்தபடி நின்றேன். அவர் பைக்கின் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே, அமரவிளைக்காரன் ஒருவன் உன்னோடு அங்கே வேலை செய்தானே, அவன் லீவில் வந்தபோது சொன்னான், பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும் என்றார். அவனை எனக்குத் தெரியும். அவனும் மஞ்சள் ஹெல்மெட்தான்.

"பின்னே ஏன் கடையில அப்படிச் சொன்னீங்க? இன்ஸ்பெக்டருன்னு?"

"நீ அதைத்தானே எல்லாருட்டயும் சொல்லுவா. நான் மாத்திச் சொன்னா உனக்குக் குறைச்சலா இருக்கும்லா." துணியை மறுபடி வாளியில் முக்கினார். "ஹெல்பருன்னாலும் பதினெட்டு வருஷம் பெயின்டுக்குள்ளயே கிடந்தவன், தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லுவான்னு நெனச்சேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு ஏதாவது செய்ய இருந்திருக்கும். நான் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தேன். அவர் வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினார். "இவளுட்ட இப்பம் சொல்லண்டாம்" என்றார். "கொஞ்ச நாள் போவட்டு."

ஆனால் அக்கா சமையலறைச் சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்னைத்தான் பார்த்தாள், அத்தானைப் பார்க்கவில்லை. அவளுடைய மகள் கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டில் கேட்ட முதல் கேள்விக்கே, தாய்மாமன் வெளிநாட்டில் இன்ஸ்பெக்டர் என்று பதில் சொன்னவள் அவள்.

"ஒரு ஹெல்பருக்க அக்காவா இருந்தா எனக்கு என்னத்தடா குறைஞ்சிருக்கும்?" என்றாள்.

சாப்பிட்டுவிட்டுப் போ என்று அவள் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தவரை அப்படி அனுப்பியதை நான் கண்டதில்லை. அடுப்பில் ஏதோ கருகும் வாசனை வந்ததும் அவள் உள்ளே போனாள். நான் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டே சாலைவரை போய், அங்கே போய்த்தான் ஸ்டார்ட் செய்தேன்.

அங்கிருந்து நேரே தேங்காய்ப்பட்டணம் போனேன். கடை பாதிதான் திறந்திருந்தது. கடைக்காரர் கயிற்றுச் சுருளை அளந்துகொண்டிருந்தார். நான் யார் என்று சொல்ல ஆரம்பித்தேன். தெரியும் என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கயிற்றை அளந்து முடித்து, வெட்டி, முடிச்சுப் போட்டார்.

"நான் அன்னைக்கே இன்னும் கொஞ்சம் பிடிச்சு நின்னிருக்கணும்" என்றார். "யாவாரம் நடக்கட்டுன்னு விட்டுட்டேன். சரி, போங்க."

பூவாருக்குப் போய், போட்டுக்காரர்கள் உட்காருகிற இடத்தில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. ஒருவர் மட்டும், "அப்பம் நாங்க அடிச்சதும் கேடா?" என்று கேட்டார். ஃபைபருக்கு ஒன்றும் ஆகாது என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். நான் எழுந்து வந்தேன்.

மே மாதம் போட்டை உடைத்து எடுக்க ஆள் வந்தது. அத்தான் என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போனேன். அலுமினியத்தை அறுக்கும் சத்தம் பல்லில் கூசியது. என்ஜினை முன்பே கழற்றி வேறு ஒருவருக்குக் கொடுத்தாயிற்று. அறுத்த தகடுகளை லாரியில் ஏற்றும்போது அத்தானும் ஒரு பக்கம் பிடித்தார். நானும் பிடித்தேன். ஒரு தகடு என் உள்ளங்கையைக் கிழித்தது. அவர் பார்த்துவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். "கட்டிக்கோ" என்றார். அந்த நாள் முழுக்க எங்களுக்குள் நடந்த பேச்சு அந்த ஒன்றுதான்.

இப்போது அவர் பழையபடி இன்னொருவருடைய போட்டை ஓட்டுகிறார். காலை ஏழு மணிக்குப் போனால் இருட்டுவதற்கு முன் வருவார். அவருடைய முதலாளிக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அத்தான் அவனைச் சார் என்று கூப்பிடுவதை ஒருமுறை கேட்டேன்.

போன மாதம் அவரிடமிருந்து போன் வந்தது. அந்த முதலாளி புதிதாக ஒரு போட் எடுக்கப் போகிறானாம். அடியில் என்ன அடிப்பது என்று இவரிடம் கேட்டிருக்கிறான். "நீ ஏதாவது சொல்லுதியா?" என்று கேட்டார்.

"போட்டுக்கு என்ன உடம்பு?"

"ஃபைபர்."

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. இந்த முறை உண்மையாகவே தெரிந்திருந்தது. வாய்வரை வந்தது. "பெயின்ட் கம்பெனிக்காரங்ககிட்டயே கேட்கச் சொல்லுங்க அத்தான். அந்தக் கடைக்காரரிட்டயும் கேட்கலாம். அவருக்குத் தெரியும்" என்றேன்.

"சரி" என்றார். உடனே வைத்துவிடவில்லை. அந்தப் பக்கம் ஏதோ ஒரு போட்டின் என்ஜின் கிளம்பும் சத்தம் கேட்டது. அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். மூட்டுவலி கொஞ்சம் கூடுதல், மற்றபடி ஒன்றுமில்லை என்றார். நான் வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"இந்த மாசம் வேண்டாம்" என்றார்.